தலை தேய்ந்த திருகாணியும் உப்புக் காற்றும்

வானொலி அலைகளால் தொலைவிலிருந்து இயக்கப்படும் மாதிரிக் கார்களுள், மெத்தனால், நைட்ரோமீத்தேன், உயவு எண்ணெய் ஆகிய மூன்றும் கலந்த எரிபொருளால் ஓடுபவை நைட்ரோ கார்கள் எனப்படுகின்றன. அவற்றின் எஞ்சின் உள்ளங்கையில் அடங்கும் அளவினது. உருளையின் கொள்ளளவு பெரும்பாலும் 2 முதல் 3.5 கன சென்டிமீட்டர் வரைதான் என்றாலும், நிமிடத்திற்கு 30,000 சுற்றுகளையும் தாண்டிச் சுழலக்கூடியது. மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற ஸ்பார்க் பிளக் இதில் இல்லை; பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருளைக் கொண்ட குளோ பிளக் என்னும் உறுப்பு, ஒருமுறை மின்சாரத்தால் சூடேற்றப்பட்டபின், மெத்தனாலுடன் நிகழும் வேதிவினையாலும் எரிதலின் வெப்பத்தாலும் தொடர்ந்து கனன்றுகொண்டே இருக்கிறது. இவ்வளவு வேகமும் வெப்பமும் அதிர்வும் கொண்ட பொறியை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள சில எஃகுத் திருகாணிகளே.

அத்திருகாணிகளின் தலையில் ஆலன் கீ என்னும் அறுகோணச் சாவி நுழைவதற்கான குழி உண்டு. குழியின் ஆறு மூலைகளும் மழுங்கி, சாவி உள்ளே வெறுமனே சுற்றும் நிலையைத்தான் தலை தேய்ந்துவிட்டது என்றும் ஸ்லிப் ஆகிவிட்டது என்றும் பட்டறைகளில் சொல்கின்றனர். திருகாணி ஏறி அமரும் துளையின் புரிகள் சிதைவது வேறு குறை. அதற்கு மரை போய்விட்டது என்று பெயர். முதற்குறையை அவசரப்பட்டுக் கையாளும்போது அது இரண்டாம் குறையில் கொண்டுபோய் விடுகிறது என்பதால், இவ்விரண்டையும் பிரித்தறிவது அவசியம். திருகாணி சில ரூபாய்ப் பொருள். அது பற்றியிருக்கும் அலுமினிய உடலோ எஞ்சினின் விலையில் பெரும்பகுதி. ஆகவே திருகாணியைக் காப்பாற்ற முயல்வது வீண் வேலை. உடலைக் காப்பாற்றுவதற்காகத் திருகாணியை எந்தக் கட்டத்திலும் பலியிட ஆயத்தமாக இருப்பவரே இவ்வேலையைச் சரியாகச் செய்ய முடியும்.

கடலை ஒட்டியே எழுந்த புதுச்சேரி நகரத்தில் இச்சிக்கல் உள்நாட்டு ஊர்களைவிடக் கடுமையானது. கடற்கரைச் சாலையில் மாலையில் வீசும் காற்று நடப்பவர்களுக்கு இதமளிப்பது. ஆனால் அது நுண்ணிய உப்புத் துளிகளைச் சுமந்து வருவதால் உலோகங்களுக்குப் பகையானது. இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டிருக்கும் இடத்தில் உப்பு நீர் படிந்தால் அங்கே மிகச் சிறிய மின்கலம் ஒன்று உருவாகி, எலெக்ட்ரான்களை எளிதில் இழக்கும் உலோகம் அரிக்கப்படத் தொடங்குகிறது. எஃகுத் திருகாணியும் அலுமினிய உடலும் சேருமிடத்தில் அவ்வாறு அரிபடுவது அலுமினியமே. அரிப்பில் விளையும் வெண்ணிறப் பொடி தான் பிறந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், மரைகளுக்கிடையே நிறைந்து திருகாணியை ஆப்பறைந்தது போல் இறுக்கிவிடுகிறது. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியைப் போட்டால் இது தீரும் என்று பலர் எண்ணுகின்றனர். அத்திருகாணி துருப்பிடிப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் அதைச் சுற்றியுள்ள அலுமினியம் அரிபடுவது நிற்பதில்லை என்பதோடு, அவ்வகை எஃகு பெரும்பாலும் மென்மையானது என்பதால் தலை இன்னும் விரைவில் தேய்கிறது. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துப் படகுகளின் எஞ்சின்களுக்கும், நகர வீதிகளில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் ஸ்கூட்டர்களுக்கும் நேர்வது இதுவே. மாதிரிக் காரில் உறுப்புகள் சிறியவை என்பதால் விளைவு விரைவில் தெரிகிறது.

நைட்ரோ எஞ்சினுக்கு உப்புக் காற்றோடு அதன் எரிபொருளும் பகையாகிறது. மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் தன்மையுடையது. நைட்ரோமீத்தேன் எரிந்தபின் எஞ்சுவனவற்றுள் அமிலத் தன்மை கொண்டவையும் உண்டு. எரிபொருளில் உயவுக்காகச் சேர்க்கப்படும் ஆமணக்கெண்ணெய், அதாவது வீடுகளில் விளக்கெண்ணெய் எனப்படுவது, சூட்டில் கருகிப் பிசினாக மாறி, ஓடுதளத்துப் புழுதியுடன் சேர்ந்து திருகாணித் தலையின் குழியை அடைத்துக்கொள்கிறது. அடைபட்ட குழிக்குள் சாவியின் நுனி பாதி ஆழமே இறங்குகிறது. பாதிப் பிடியில் முழு விசையைக் கொடுக்கும்போது மூலைகள் மழுங்குகின்றன. தலை தேய்வதற்கு விசை மிகுந்ததே காரணம் என்று பலரும் எண்ணினாலும், சாவி குழியில் முழுமையாக அமராததே பெரும்பாலான நேரங்களில் உண்மையான காரணம்.

மற்றொரு காரணம், உற்பத்தியாளரே திருகாணியில் தடவியிருக்கும் மரைப் பசை. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னான் கிரீபிள் 1953இல் உருவாக்கிய லாக்டைட் என்னும் இப்பசை, காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை நீர்மமாக இருந்து, காற்றுப் புகாத மரைகளுக்கிடையே உலோகத்தைத் தொடும்போது கெட்டியாகிறது. ஆலன் கீக்குப் பெயர் தந்த ஆலன் நிறுவனமும் அதே ஹார்ட்ஃபோர்டில் 1910ஆம் ஆண்டையொட்டித் தோன்றியதுதான். நீல நிறப் பசை கைக்கருவிகளுக்கு இணங்கும். சிவப்பு நிறப் பசை, வெப்பம் கொடுக்காமல் விடாது.

சாவியின் அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 3 மி.மீ. திருகாணியின் தலை உருளை வடிவில் இருந்தால் 2.5 மி.மீ. ஆலன் கீயும், குமிழ் வடிவில் இருந்தால் 2 மி.மீ. ஆலன் கீயும் தேவை. குமிழ்த்தலைத் திருகாணியில் சாவியும் சிறியது, குழியும் ஆழமற்றது என்பதால் முதலில் தேய்வது அதுவே. இவற்றோடு அங்குல அளவுச் சாவிகளும் சந்தையில் கலந்து கிடக்கின்றன. ஓர் அங்குலத்தில் 32இல் 3 பங்கு அளவுள்ள சாவி 2.38 மி.மீ. தடிப்புடையது, 2.5 மி.மீ. குழிக்குள் அது தடையின்றி இறங்குவதால் சரியான சாவி போலவே தோன்றும், ஆனால் 0.12 மி.மீ. இடைவெளி, இறுகிய திருகாணியின் மூலைகளை ஒரே திருப்பில் மழுக்கப் போதுமானது. காந்தி வீதியின் ஞாயிறு சந்தையிலோ பழைய இரும்புக் கடையிலோ ஆலன் கீ வாங்குவோர், வெர்னியர் அளவுகோலால் அதன் தடிப்பை அளந்து பார்த்து வாங்குவது நல்லது.

இந்த அளவுக் குழப்பத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. புதுச்சேரியின் வரலாறும் அதனருகே வருகிறது. இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த மரை முறை, அங்குலத்தையும் 55 பாகைக் கோணத்தையும் அடிப்படையாகக் கொண்டது. ஆங்கிலேயர் ஆண்ட நிலப்பகுதிகளின் ரயில், ஆலை, வண்டி ஆகியவற்றில் அதுவே பரவியது. பிரெஞ்சுப் பொறியாளர்கள் மில்லிமீட்டரை அடிப்படையாகக் கொண்டு வகுத்த முறையோ, 60 பாகைக் கோணத்துடன், 1898இல் சூரிச் நகரில் கூடிய மாநாட்டில் பன்னாட்டு முறையாக ஏற்கப்பட்டது. இன்று உலகெங்கும் வழங்கும் மெட்ரிக் மரை அதன் வழித்தோன்றல். மில்லிமீட்டர் மரையின் தாயகமான பிரான்சின் ஆட்சியில் 1954 நவம்பர் 1 வரை புதுச்சேரி இருக்க, அதைச் சூழ்ந்திருந்த தென்னார்க்காடு அங்குல மரையின் தாயகமான பிரிட்டனின் ஆட்சியில் 1947 வரை இருந்தது. இந்தியா 1956இல் சட்டம் இயற்றி மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கிய பின்னும் அங்குல மரைகள் உடனே மறைந்துவிடவில்லை. 1955இல் சென்னையில் தயாரிக்கப்படத் தொடங்கிய என்ஃபீல்டு புல்லட்டில் அவை பல பத்தாண்டுகள் நீடித்ததால், பழைய புல்லட்டைப் பழுதுபார்ப்பவர்கள் இன்றும் இருவகை ஸ்பேனர்களையும் வைத்திருக்க வேண்டியுள்ளது. நைட்ரோ எஞ்சினிலும் இரு முறைகளும் ஒன்றாகவே வாழ்கின்றன. 1936இல் ஜப்பானின் ஒசாகாவில் தொடங்கப்பட்ட ஓ.எஸ். நிறுவனத்தின் எஞ்சினில் மற்றத் திருகாணிகள் மில்லிமீட்டர் அளவில் இருக்க, உச்சியில் ஏறும் வழக்கமான குளோ பிளக்கின் மரை மட்டும் கால் அங்குலத் தடிப்பும் அங்குலத்துக்கு 32 புரிகளும் கொண்டது. அத்துளையில் மில்லிமீட்டர் மரையைத் திணிக்க முயன்றால் எஞ்சினின் தலைப்பகுதி முழுவதும் வீணாகும்.

கூட்டல் குறி வடிவக் குழியுள்ள திருகாணிகளிலும் இதே போன்ற மயக்கம் உண்டு. பேச்சில் ஸ்டார் திருப்புளி என வழங்கும் கருவி பெரும்பாலும் அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் 1930களில் பரப்பிய வடிவத்தைச் சேர்ந்தது. ஜப்பானிய எஞ்சின்களிலும், யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற மோட்டார் சைக்கிள்களின் பக்க மூடிகளிலும் உள்ள குழிகள் ஜப்பானியத் தர அளவைச் சேர்ந்தவை. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றினாலும், பிலிப்ஸ் திருப்புளி ஜப்பானியக் குழியின் அடிவரை இறங்காமல் மேலெழும்பி விளிம்புகளைச் சிதைக்கிறது. ஜப்பானியத் தரத் திருகாணித் தலையில் பெரும்பாலும் ஒரு சிறு புள்ளி பொறிக்கப்பட்டிருக்கும்.

தலை தேய்ந்த திருகாணியை எடுக்கும் வேலை, சாவி முதன்முறை வழுக்கியவுடன் கையை நிறுத்துவதில் தொடங்குகிறது. இரண்டாம் மூன்றாம் முறை வழுக்கவிடும்போதுதான் மீட்கக்கூடிய குழி மீட்க முடியாததாகிறது. குழியிலுள்ள பிசினையும் புழுதியையும் ஊசி முனையால் சுரண்டி, சிறு தூரிகையால் துடைத்தபின், நேரான நுனியுள்ள புதிய ஆலன் கீயைச் செருகி, அதன் தலையில் சிறு சுத்தியலால் இரண்டு மூன்று முறை தட்ட வேண்டும். அந்தத் தட்டல் சாவியை அடிவரை இறக்குவதோடு, மரைகளுக்கிடையே கெட்டித்துப்போன ஆக்சைடுப் படலத்தையும் நொறுக்குகிறது. கோள வடிவ நுனியுள்ள சாவி, எஞ்சின் தலையின் குளிர்த்தகடுகளுக்கு இடையே சாய்வாக நுழைய வசதியானது. எனினும் அது குழியைச் சில புள்ளிகளில் மட்டுமே தொடுவதால், இறுகிய திருகாணியை முதலில் அசைக்க அதைப் பயன்படுத்தவே கூடாது.

இதற்கு இணங்காத திருகாணிக்கு மரை இடுக்குகளில் ஊடுருவும் எண்ணெயைச் சில துளிகள் விட்டு ஓர் இரவு விட்டுவைப்பது நன்று. பட்டறைகளில் மண்ணெண்ணெயும் டீசலும் இதற்குப் பயன்படுகின்றன. எங்கும் கிடைக்கும் டபிள்யூ.டி. 40 என்னும் தெளிப்பான் 1953இல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்டது. இலேசான துருவுக்கு அது உதவும், கடுமையாக இறுகியவற்றுக்கு ஊடுருவும் எண்ணெய் என்றே விற்கப்படும் வகை மேலானது. எண்ணெய் ஊறியபின் திருகாணியை முதலில் மிகச் சிறிது இறுக்கும் திசையில் அசைத்து, பிறகு கழற்றும் திசையில் திருப்பும் பழக்கம் அனுபவமுள்ள மெக்கானிக்குகளிடம் உண்டு. சிக்கிய பொடியை இருபுறமும் அசைத்து உதிர்ப்பதே அதன் நோக்கம்.

எண்ணெய்க்கு அடுத்தது வெப்பம். ஒரே அளவு சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவடைகிறது. 100 டிகிரி செல்சியஸ் சூடேற்றினால் 3 மி.மீ. துளை திருகாணியைவிட ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 3 பங்கு அளவே கூடுதலாக விரியும் என்றாலும், இறுகிய ஆக்சைடின் பிடியைத் தளர்த்த அது போதும். எஞ்சின் உடலை வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் பரவலாகச் சூடேற்றுவது ஒரு முறை. மரைப் பசையே காரணம் எனில், சால்டரிங் அயர்ன் எனப்படும் மின் பற்றாசுக் கோலின் நுனியைத் திருகாணித் தலையில் ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடித்து, திருகாணியையே சூடாக்குவது பயன் தரும். பசை இளகிய அந்தச் சில நொடிகளுக்குள் திருப்பிவிட வேண்டும். கார்புரேட்டரின் பிளாஸ்டிக் பகுதிகளும் ரப்பர் வளையங்களும் சூடு தாங்காதவை என்பதால் அவற்றை முன்னதாகவே அகற்ற வேண்டும்.

தீச்சுடரை மட்டும் இவ்வேலையில் அனுமதிக்கவே கூடாது. மெத்தனாலின் ஆவி ஏறத்தாழ 11 டிகிரி செல்சியசிலேயே தீப்பற்றக்கூடியது. புதுச்சேரியின் எந்தக் குளிர்காலக் காலையிலும் வெப்பநிலை அந்த அளவுக்குக் கீழே இறங்குவதில்லை. மெத்தனால் எரியும் சுடர் வெயிலில் கண்ணுக்கே தெரிவதில்லை என்பதால், தீப்பற்றியதைக் கை சுட்ட பிறகே அறிய நேரிடும். தொட்டியையும் குழாய்களையும் முழுமையாக வடித்து, எஞ்சினைத் திறந்த வெளியில் உலரவிட்ட பிறகே வெப்பக் கருவியை அருகில் கொண்டுவர வேண்டும். மெத்தனால் கொடிய நஞ்சு என்பதையும் இப்பகுதி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2023 மே மாதத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியிலும் பல குடும்பங்களைச் சிதைத்த நச்சுச் சாராயத்தில் கலந்திருந்தது இதே மெத்தனால்தான். தோல் வழியாகவும் உடலில் புகக்கூடிய இத்திரவத்தைக் கையுறையின்றித் தொடுவதும், சிறுவர் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பதும், குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதும் மன்னிக்க முடியாத கவனக்குறைவு.

வெப்பமும் பயன் தராத நிலையில் திருகாணித் தலையைச் சிதைக்கத் துணிய வேண்டும். உருளைத் தலையின் பக்கங்கள் வெளியே தெரிந்தால், வைஸ் கிரிப் எனப்படும் பூட்டுக் குறட்டால் தலையையே கவ்வித் திருப்புவது எளிது. தலை குழிக்குள் புதைந்திருந்தால், நட்சத்திர வடிவ டார்க்ஸ் நுனிகளுள் குழியைவிடச் சற்றுப் பெரியதைத் தேர்ந்து, சுத்தியலால் தட்டி இறக்கித் திருப்பலாம், 2 மி.மீ. குழிக்குப் பெரும்பாலும் டி10 நுனியும், 2.5 மி.மீ. குழிக்கு டி15 நுனியும் பொருந்துகின்றன. நைட்ரோ எஞ்சினைப் பொறுத்தவரை மற்ற உத்திகளைவிட இதுவே அதிகம் கைகொடுக்கிறது என்று சொல்லலாம். சுழல் அறுப்புத் தகட்டால் தலையில் ஒரு பள்ளம் வெட்டி, தட்டைத் திருப்புளியால் கழற்றுவதும் உண்டு; ஆனால் தகடு அருகிலுள்ள அலுமினியத்தையும் கீறிவிடும். மோட்டார் சைக்கிள் பட்டறைகளில் புகழ்பெற்ற இம்பாக்ட் டிரைவர், அதாவது சுத்தியல் அடியைத் திருகு விசையாக மாற்றும் கருவி, ஸ்கூட்டர் மூடிகளுக்கு ஏற்றது. மாதிரிக் காரின் மெல்லிய குளிர்த்தகடுகளும் சிறு பேரிங்குகளும் அந்த அடியைத் தாங்கும் என்று நம்பக் கூடாது.

இவையனைத்தும் தோற்றால் துளையிடுவதே வழி. 3 மி.மீ. திருகாணியின் தலைக்குழியில் 3 மி.மீ. துளைக்கம்பியை நேராக நிறுத்தி, குறைந்த வேகத்தில், எண்ணெய் விட்டுத் துளைத்தால், குழியே கம்பிக்கு வழிகாட்டியாக அமைய, தலை தண்டிலிருந்து பிரிந்து வந்துவிடும். இறுக்கப்பட்ட திருகாணி என்பது சற்றே இழுத்து நீட்டப்பட்ட எஃகுத் தண்டு. அந்த இழுவிசையே மரைகளை ஒன்றோடொன்று அழுத்தி வைத்திருக்கிறது. தலை போனவுடன் இழுவிசையும் மறைவதால், மூடியை எடுத்தபின் எஞ்சி நிற்கும் தண்டைச் சாதாரணக் குறட்டால் எளிதில் திருப்ப முடிகிறது. மாதிரிக் கார்களில் மிகுதியாகப் பயன்படும் 12.9 தரத் திருகாணிகள் கடினமானவை. அவற்றுக்குக் கோபால்ட் கலந்த துளைக்கம்பி தேவை. வேலை தொடங்குமுன் புகைபோக்கித் துளையையும் கார்புரேட்டர் துளையையும் துணியால் அடைத்துவிட வேண்டும். நிமிடத்திற்கு 30,000 முறை சுழலும் எஞ்சினுக்குள் ஒரு துளி இரும்புத் தூள் புகுந்தாலும் உருளையின் உட்பரப்பில் கீறல் விழும்.

தண்டு உள்ளேயே உடைந்துபோனால், எதிர்ப்புரி கொண்ட எக்ஸ்ட்ராக்டர் கருவிகளை நாடும் ஆவல் எழும். 3 மி.மீ. தண்டுக்கேற்ற எக்ஸ்ட்ராக்டர் தீக்குச்சியளவுகூடத் தடிப்பற்றது. மிகக் கடினமான எஃகால் ஆனதால் வளையாமல் உடைந்து, எந்தத் துளைக்கம்பியாலும் துளைக்க முடியாதபடி உள்ளே தங்கிவிடும். இந்தக் கட்டத்தில் வீட்டு மேசையை விட்டு எழுந்து, தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பகுதிகளில் உள்ளவை போன்ற லேத் பட்டறையை நாடுவதே அறிவுடைமை. அசையாமல் பிடித்த எந்திரத்தில் தண்டின் நடுமையத்தில் 2.5 மி.மீ. துளையிட்டால், எஞ்சும் மெல்லிய சுருளைப் பிடுங்கிவிட்டு, டேப் என்னும் மரைவெட்டியால் பழைய மரையையே துப்புரவாக்க முடியும். அலுமினிய மரை சிதைந்திருந்தால் துளையைச் சற்றுப் பெரிதாக்கி, ஹெலிகாயில் எனப்படும் எஃகுக் கம்பிச் சுருளைப் பதித்து மீண்டும் 3 மி.மீ. மரையையே பெறலாம், அவ்வாறு பெற்ற மரை அசல் அலுமினிய மரையைவிட நீடித்து உழைப்பதுண்டு.

கழன்ற திருகாணியை மீண்டும் போடுவது தவறான சிக்கனம். அதே தரத்துப் புதுத் திருகாணியின் மரையில் சிறிதளவு இறுகல் தடுக்கும் கிரீசைத் தடவி, எஞ்சின் தலையின் திருகாணிகளை எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். 3 மி.மீ. திருகாணிக்கு அலுமினியத்தில் 1 முதல் 1.5 நியூட்டன் மீட்டர் வரையிலான திருகு விசையே போதும். 5 சென்டிமீட்டர் நீளச் சாவியின் நுனியில் ஏறத்தாழ 4 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் கொடுத்தாலே அது 2 நியூட்டன் மீட்டராகிவிடுகிறது என்பதால், விரல்களின் பலத்துக்கு மேல் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் தொட்டியில் மிஞ்சிய எரிபொருளை எரித்துத் தீர்த்து, குளோ பிளக் துளை வழியாகவும் கார்புரேட்டர் வழியாகவும் சில துளி காப்பு எண்ணெய் விட்டுச் சுழற்றி வைப்பது, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தவிர்க்கக் கூடாத கடமை. புதிதாக நைட்ரோ கார் வாங்குவோர், அதனுடன் தரப்படும் மென்மையான எஃகுச் சாவிகளை ஒதுக்கிவிட்டு, 1.5, 2, 2.5, 3 மி.மீ. அளவுகளில் கடினமான நுனியுள்ள ஆலன் திருப்புளிகளை முதல் நாளிலேயே வாங்கிக்கொள்வதும், அவற்றின் நுனி மழுங்கத் தொடங்கியவுடன் அந்தப் பகுதியை அரைத்து நீக்குவதும் அல்லது புதியதை வாங்கிவிடுவதும் நல்லது.